பரண்மேல் இருந்த மடிக்கணினி

புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் போகும் நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே திரும்பி, முந்திரித் தோப்பும் சவுக்குத் தோப்பும் மாறி மாறி வரும் செம்மண் பூமியில் சிறிது தூரம் சென்றால், ஆரோவில்லின் மரக்கூட்டங்கள் தொடங்குவதற்கு முன்னதாகவே இரும்பை என்ற சிற்றூர் வந்துவிடுகிறது. திருஞானசம்பந்தர் பாடிய ஸ்தலம் அது; உஜ்ஜயினி, அம்பர், இரும்பை என்று சைவர்கள் சொல்லும் மூன்று மாகாளங்களில் ஒன்று. கடுவெளிச் சித்தர் மனம் நொந்து பாடியபோது மாகாளேஸ்வரர் சந்நிதியில் லிங்கம் பிளந்துபோயிற்றென்றும், பிறகு அந்தத் துண்டங்களை ஒன்றுசேர்த்துச் செப்புத் தகட்டால் பிணைத்து நிறுத்தினார்களென்றும் ஸ்தல புராணம் சொல்கிறது. பின்னமான மூர்த்தியை அகற்றிவிட்டுப் புதியதைப் பிரதிஷ்டை செய்வதே பொதுவான சம்பிரதாயமாயினும், இந்த ஊரில் பிணைத்த லிங்கத்துக்கே இன்றுவரை அபிஷேகமும் அர்ச்சனையும் குறைவின்றி நடந்துவருகின்றன.

என் தங்கையைக் கொடுத்திருப்பது இந்த ஊரில்தான். சென்ற பொங்கலுக்கு அங்கே போயிருந்தபோது, பதினோராம் வகுப்பில் படிக்கும் அவள் மகள், பரணிலிருந்து தலையணை உறை ஒன்றில் சுற்றிவைத்திருந்த மடிக்கணினியை இறக்கிக்கொண்டுவந்து திண்ணையில் என் முன்னால் வைத்தாள். மாப்பிள்ளையின் தம்பி பன்னிரண்டாம் வகுப்பு படித்த 2012-ஆம் வருஷத்தில் அரசாங்கம் கொடுத்த மடிக்கணினி அது. மூடியின்மேல் அரசு முத்திரை பாதி தேய்ந்திருந்தது.

"மாமா, கடையில கொண்டுபோய்க் காட்டினோம். இதை எடைக்குத்தான் போடணும்னு சொல்லிட்டாங்க. நீங்க ஒரு தடவை பாருங்களேன்."

வட தமிழ்நாட்டின் கடற்கரைக் கிராமங்களில் மட்டுமல்ல, தமிழகமெங்கும் ஆயிரக்கணக்கான வீடுகளில் இப்படியொரு பெட்டி பரண்மேலோ பீரோவின் அடித்தட்டிலோ தூங்கிக்கொண்டிருக்கிறது. 2011 செப்டம்பர் 15 அன்று, அண்ணாவின் பிறந்தநாளில், அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் பயனாக, கணினி என்ற சாதனத்தை அதுவரை தொட்டே பார்த்திராத குடும்பங்களுக்கெல்லாம் அது வந்து சேர்ந்தது. ஆரம்ப வருஷங்களில் அதைத் திறந்து படித்தவர்கள் இன்று முப்பது வயதைத் தாண்டி உத்தியோகத்துக்கும் குடித்தனத்துக்கும் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுச்சென்ற பெட்டியோ, அடுத்த தலைமுறைப் பிள்ளைகள் கைபேசியின் சிறு திரையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாடம் பார்க்கிற அதே வீட்டில், உபயோகமற்றதென்று முடிவு கட்டப்பட்டுக் கிடக்கிறது.

உண்மையில் அது உபயோகமற்றதா என்பதை முதலில் விசாரிக்க வேண்டும். கணினி மூப்படைவது மனிதன் மூப்படைவதைப் போன்றதன்று. அதன் விசிறி தேய்கிறது, மின்கலம் சக்தி இழக்கிறது, சுழலும் தட்டுள்ள ஹார்ட் டிஸ்க் ஒருநாள் நின்றுபோகிறது. ஆனால் கணக்கைப் போடுகிற செயலி, வாங்கிய அன்று ஒரு விநாடியில் எத்தனை கூட்டல் போட்டதோ அத்தனையே பதினான்கு வருஷங்கள் கழித்தும் போடுகிறது. மாறுவது அதன்மேல் ஏற்றப்படும் பாரந்தான். அந்த மடிக்கணினியோடு வந்த விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. அதன்பின் பலரும் ஏற்றிக்கொண்ட விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு பொதுவான ஆதரவு முடிந்துபோயிற்று. விண்டோஸ் 11-க்குப் போகலாமென்றால், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் செயலியாயின் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டுமென்று விண்டோஸைத் தயாரிக்கும் நிறுவனம் நிபந்தனை விதித்திருப்பதால், ஏறத்தாழ 2017-க்கு முற்பட்ட கணினிகளெல்லாம் வாசலிலேயே நிறுத்தப்பட்டுவிடுகின்றன. ஓடுகிற வண்டியை, அதற்கேற்ற சாலை இனிமேல் போடப்படாது என்ற காரணத்துக்காகக் காயலான் கடைக்கு அனுப்புவதைப் போன்றது இது. எனக்கு இதில் ஆழ்ந்த வருத்தம் உண்டு. ஏனென்றால், இந்த நிர்ப்பந்தத்தின் சுமை முழுவதையும் தாங்குகிறவர்கள் புதுக் கணினி வாங்க இயலாதவர்களே.

லினக்ஸ் பிரயோஜனப்படுகிற இடம் இதுதான். ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி சர்வகலாசாலையில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், 1991-ல் தம்முடைய 386 ரகக் கணினிக்காகத் தாமே எழுதத் தொடங்கிய, வன்பொருளை ஆளும் கருநிரல் அது. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ல் அறிவித்த குனு என்ற முயற்சியில் பலர் சேர்ந்து எழுதிவைத்திருந்த கருவிகளோடு அது இணைந்தபோது, யாரும் படிக்கலாம், பிரதியெடுக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்ற ஸ்வதந்திரத்தோடு கூடிய முழுமையான இயங்குதளம் உலகுக்குக் கிடைத்தது. ஆயினும் கருநிரல் மட்டும் இருந்தால் கணினியில் ஒரு கடிதங்கூட எழுத முடியாது. அதனோடு திரைத்தோற்றம், உலாவி, எழுதும் கருவி, அச்சுப்பொறியை இயக்கும் நிரல் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, ஒன்றோடொன்று முரண்படாமல் கோத்து, நிறுவுவதற்கு வசதியாக ஒரே கோப்பாக்கிக் கொடுக்கிறார்களே, அதற்குத்தான் வழங்கல் என்று பெயர். பேச்சு வழக்கில் டிஸ்ட்ரோ.

வழங்கல்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன என்று சொன்னதும் புதியவர்கள் திகைத்துப்போகிறார்கள். இரும்பையில் அன்று மாலை, மரக்காணம் உப்பளத்தில் கணக்குப் பார்க்கிற என் மாப்பிள்ளையும் அப்படித்தான் திகைத்தார். அவருக்கு அவர் தொழிலைக் கொண்டே சொன்னேன். மரக்காணத்தில் 3,000 ஏக்கருக்கு மேல் பரந்துகிடக்கும் அளங்களில் உப்புநீர் ஒன்றுதான். அதை முதல் பாத்தியில் தேக்கி, வெயிலில் சுண்டவிட்டு, அடுத்த பாத்திக்குப் பாய்ச்சி, மேலும் சுண்டவிட்டு, கடைசிப் பாத்தியில் படிகமாகப் பூக்கவிட்டு வாருகிறார்கள். லினக்ஸ் உலகத்திலும் அப்படியே. 1993-ல் ஐயன் மர்டாக் தொடங்கிய டெபியன் என்பது முதல் பெரிய பாத்தி. அதிலிருந்து நீர் வாங்கி 2004-ல் உபுண்டு எழுந்தது. உபுண்டுவிலிருந்து வாங்கி 2006-ல் லினக்ஸ் மின்ட் எழுந்தது. எம்எக்ஸ், ஆன்ட்டிஎக்ஸ் என்பவையும் டெபியனின் நீரே. நம் நாட்டில் சி-டாக் ஸ்தாபனத்தின் சென்னைக் கிளை 2007-ல் வெளியிட்ட பாஸ் லினக்ஸுக்கும் மூலம் டெபியன்தான். பெயர்கள் பலவாயினும் ஊற்று ஒன்றே என்று தெரிந்தவுடன் பாதிப் பயம் நீங்கிவிடுகிறது.

"அப்போ எந்தப் பாத்தி உப்பு நம்ம வீட்டுக்குத் தோதுன்னு பார்த்தா போதும், அப்படித்தானே மச்சான்?" என்றார்.

பாஸ் லினக்ஸைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அது நம்முடைய சொந்த சரித்திரம், நாம் மறந்துபோன சரித்திரமும்கூட. தமிழக அரசின் மின்னணு நிறுவனமான எல்காட், சி. உமாசங்கர் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி அதன் நிர்வாக இயக்குநராயிருந்த 2006, 2007-ஆம் வருஷங்களில், தன் அலுவலகக் கணினிகளை சூசி லினக்ஸுக்கு மாற்றிக்கொண்டு, பள்ளிகளுக்கும் பிற துறைகளுக்கும் வழிகாட்ட முனைந்தது. பிறகு மடிக்கணினித் திட்டம் வந்தபோது, ஆரம்பத்தில் வழங்கிய பெட்டிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே நிறுவப்பட்டிருந்தது. கணினியைத் தொடங்கும்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். தமிழில் பட்டியல் காட்டும், தமிழில் எழுதவும் இடம்கொடுக்கும் ஓர் இயங்குதளம் இப்படிக் கிராமத்துப் பிள்ளைகளின் மடிக்கே வந்து சேர்ந்திருந்தது. எனினும், அதை உபயோகிக்கக் கற்றுக்கொடுப்பார் இல்லாமையாலே, எனக்குத் தெரிந்த வீடுகளிலெல்லாம் அதை அழித்துவிட்டு அந்த இடத்தையும் சினிமாவுக்கும் விளையாட்டுக்கும் ஒதுக்கிக்கொண்டார்கள். சாதனத்தைக் கொடுத்துவிட்டுச் சொல்லிக்கொடுக்க ஆளை அனுப்பாமல் விட்டது எவ்வளவு பெரிய நஷ்டம் என்பதை, பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வி பல்லாண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளிலேயே நடந்துவருவதைப் பார்க்கும்போது நான் நினைத்து நினைத்து வேதனைப்படுவதுண்டு.

இனி அந்தப் பெட்டிக்கு வருவோம். எந்த வழங்கல் சிறந்தது என்று கேட்டுக்கொண்டு தொடங்குவது தவறான வழி என்பது என் திடமான அபிப்பிராயம். முதலில் கணினியின் தேகத்தைப் பார்க்க வேண்டும். இரண்டாவதாக அதன்முன் உட்காரப்போகிற மனிதரைப் பார்க்க வேண்டும். இவ்விரண்டும் தெரிந்தபின் வழங்கலின் பெயர் தானாகவே வந்துவிடும்.

பின்பக்கத்து ஆணிகளைக் கழற்றி மூடியைத் திறந்தபோது, விசிறிக்கும் வெப்பத்தை வெளியேற்றும் தகடுகளுக்கும் நடுவே இரும்பையின் செம்மண் புழுதி ஒரு கம்பளித் துணியைப்போலப் படர்ந்து அடைத்திருந்தது. காற்றுப் போக வழியில்லாதபோது செயலி சூடேறுகிறது. சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்வதற்காக அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. கணினி மந்தமாகிவிட்டதென்று பழி சுமத்தப்பட்டதற்கு ஒரு பாதிக் காரணம் அந்தப் புழுதி. பெயின்ட் பிரஷ்ஷால் அதை ஒற்றி எடுத்தோம். அடுத்து ரேம் பலகையைக் கிளிப்பை விலக்கி வெளியே எடுத்தேன். அதன் விளிம்பில் வரிசையாயிருக்கும் பொன்முலாம் பூசிய பற்கள், கடற்கரைக் காற்றின் உப்பு ஈரத்தில் மங்கிப் பழுப்பேறியிருந்தன. மருமகளின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து பென்சில் அழிக்கும் ரப்பரை வாங்கி, அந்தப் பற்களின்மேல் அழுத்தாமல் ஒரே திசையில் தேய்த்து, உதிர்ந்த துகளை ஊதித் தள்ளிவிட்டு மறுபடி பொருத்தினேன். கடையில் 'போர்டு போய்விட்டது' என்று தள்ளப்படும் கணினிகளில் சில இந்த ரப்பர் வைத்தியத்துக்கே உயிர்பெற்று எழுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். மின்கலத்தைக் கழற்றி, மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு மட்டுமே இதைச் செய்ய வேண்டும்.

திரையில் வெளிச்சம் வந்தது. ஆனால் தேதி 2012 ஜனவரி 1 என்று காட்டியது. தாய்ப்பலகையின் கடிகாரத்தை ஓட்டுகிற காசு வடிவ மின்கலம் தீர்ந்துபோனதன் அடையாளம் அது. பார்ப்பதற்கு அற்பமான குறையாகத் தோன்றினாலும் இதன் விளைவு பெரிது: வங்கி, பள்ளி, அரசாங்க இணையதளங்களெல்லாம் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ்களைக் கணினி தன் தேதியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறதாகையால், பதினான்கு வருஷம் பின்தங்கிய தேதியில் எந்தத் தளமும் திறக்காது. இன்டர்நெட் வேலை செய்யவில்லை என்று சொல்லிப் பெட்டியை மூடிவைத்தவர்களில் எத்தனை பேருக்கு இது ஒன்றே காரணமோ! சி.ஆர். 2032 என்று கேட்டால் எந்த எலெக்ட்ரிக் கடையிலும் அந்த மின்கலம் கிடைக்கும். மடிக்கணினிகள் சிலவற்றில் அது ஒயரோடு சேர்ந்து வரும் என்பதை மட்டும் பார்த்து வாங்க வேண்டும்.

தேகபரீட்சையில் அறிய வேண்டியவை மூன்றே. முதலாவது, செயலி 32-பிட் ரகமா 64-பிட் ரகமா என்பது. 2006-ல் வந்த கோர் 2 டுவோவும் அதன் பின்னவை பெரும்பாலானவையும் 64-பிட் ரகம். அதற்கு முந்திய பென்டியம் 4-களில் பலவும், 2008-ஐ ஒட்டி விற்ற சிறு நெட்புக்குகளில் இருந்த ஆட்டம் செயலிகள் சிலவும் 32-பிட் ரகம். இந்த வித்தியாசம் நாளுக்கு நாள் கூர்மையாகிக்கொண்டே வருகிறது. உபுண்டு 2017-லேயே 32-பிட் டெஸ்க்டாப் வெளியீட்டை நிறுத்திவிட்டது. பெருந்தாயான டெபியனும் 2025 ஆகஸ்டில் வெளியிட்ட 13-ஆம் பதிப்பிலிருந்து 32-பிட் கணினிகளுக்கான நிறுவியையும் கருநிரலையும் கைவிட்டுவிட்டது. கூகுள் குரோம் உலாவி 2016-லும், ஃபயர்ஃபாக்ஸ் 2025 நவம்பரில் வந்த 145-ஆம் பதிப்போடும் 32-பிட் லினக்ஸிலிருந்து விலகிக்கொண்டன. லினஸ் எந்த 386 கணினிக்காக லினக்ஸை எழுதினாரோ அந்த 386-க்கே 2012-ன் இறுதியில் கருநிரலிலிருந்து விடை கொடுக்கப்பட்டதென்றால், எதற்கும் ஒரு காலம் உண்டு என்று தேறுதல் கொள்ள வேண்டியதுதான். ஆயினும் 32-பிட் பெட்டி வைத்திருப்பவர் நிராசைப்பட வேண்டியதில்லை. கிரேக்க நாட்டிலிருந்து நடத்தப்படும் ஆன்ட்டிஎக்ஸ் தன் 23-ஆம் பதிப்பை 32-பிட்டிலும் கொடுத்திருக்கிறது. பப்பி லினக்ஸ் குடும்பத்திலும் அத்தகைய குட்டிகள் உண்டு. இணையம் அதிகம் தேவைப்படாமல் எழுதவும், கணக்குப் போடவும், பாட்டுக் கேட்கவும் அவை தாராளமாகப் போதும்.

இரண்டாவது, நினைவகம். இந்தப் பெட்டியில் 2 ஜிபி ரேம் இருந்தது. கருநிரல் மிகக் கொஞ்சமே சாப்பிடும். நினைவகத்தை விழுங்குவன திரைத்தோற்றமும் உலாவியுந்தான். ஒரே வழங்கல் பல தோற்றங்களில் வருவதன் ரகசியம் இதுதான். லினக்ஸ் மின்ட்டையே எடுத்துக்கொண்டால், சின்னமன் என்ற அலங்காரமான தோற்றத்தோடும், மாட்டே என்ற நடுத்தரமான தோற்றத்தோடும், எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய தோற்றத்தோடும் தனித்தனியே கொடுக்கிறார்கள். பழைய கணினிக்குக் கடைசியாகச் சொன்னதையே எடுக்க வேண்டும். மின்ட்டுக்குக் குறைந்தபட்சம் 2 ஜிபி என்றும், சௌகரியமாயிருக்க 4 ஜிபி என்றும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள்; உபுண்டு 24.04-இன் மூலப் பதிப்பு 4 ஜிபியில்தான் தொடங்குகிறது. 1 ஜிபியோ அதற்கும் குறைவோ உள்ள பெட்டிக்கு ஆன்ட்டிஎக்ஸையோ பப்பியையோ தவிர வேறெதையும் நான் சொல்லமாட்டேன். பப்பி என்பது ஆஸ்திரேலியாவின் பேரி காலர் 2003-ல் ஆரம்பித்தது. தன்னை முழுக்க ரேமிலேயே ஏற்றிக்கொண்டு ஓடுவதால், ஹார்ட் டிஸ்க் செத்துப்போன கணினியைக்கூட ஒரு பென் டிரைவை வைத்துக்கொண்டே ஓட்டிவிடலாம். இருபது மெகாபைட்டைச் சுற்றியே முடிந்துவிடுகிற டைனி கோர் என்ற அதிசயமும் ஒன்றுண்டு. ஆனால் அது சமைத்த சாப்பாடன்று, அரிசியும் விறகுந்தான், சமைக்கத் தெரிந்தவருக்கே பயன்படும்.

மூன்றாவது, ஹார்ட் டிஸ்க். இதில் நான் பிடிவாதக்காரன். நிமிஷத்துக்கு 5,400 முறை சுற்றும் தட்டின்மேல் ஊசி அங்குமிங்கும் ஓடித் தேடியெடுக்கிற பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்துவது, எந்த வழங்கலை மாற்றுவதைக் காட்டிலும் அதிகமான வேகத்தைக் கொடுக்கும். செலவு செய்ய முடிந்தவர் முதல் ரூபாயை எஸ்எஸ்டிக்கும், அடுத்த ரூபாயை ரேமுக்கும் செலவிட வேண்டும். இரண்டுக்கும் வழியில்லாதவருக்காகத்தான் இலேசான வழங்கல்கள்.

இவற்றையெல்லாம் காகிதத்தில் ஆராய்ந்துகொண்டிருப்பதைவிடப் பரீட்சித்துப் பார்ப்பது மேல். லினக்ஸின் விசேஷமே அதற்கு இடம்கொடுப்பதுதான். வென்டாய் என்ற கருவியை ஒரு பென் டிரைவில் நிறுவிவிட்டால், அதன்பின் எத்தனை வழங்கல்களின் கோப்புகளை வேண்டுமானாலும் சாதாரணமாகப் படங்களைப் பிரதி செய்வதுபோல அதில் போட்டுவைத்துக்கொள்ளலாம்; கணினியைத் தொடங்கும்போது பட்டியல் காட்டி எது வேண்டுமென்று கேட்கும். கணினியில் எதையும் நிறுவாமல், ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல், ஒவ்வொன்றையும் அரைமணி நேரம் ஓட்டிப் பார்க்கலாம். பெண் பார்க்கப் போன வீட்டில் பாட்டையும் சமையலையும் மட்டும் விசாரித்துவிட்டுத் திரும்புவதைப்போல, திரையின் அழகை மட்டும் பார்த்து முடிவு செய்துவிடக் கூடாது. வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, மூடியை மூடித் திறந்தால் உறக்கத்திலிருந்து விழிக்கிறதா, திரை வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிறதா, அச்சுப்பொறியை அறிந்துகொள்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பழைய மடிக்கணினிகளில் வைஃபைதான் அதிகத் தொல்லை கொடுத்துவந்தது. வைஃபை சில்லு போன்றவற்றை இயக்குவதற்கு வேண்டிய, நிறுவனங்கள் மூலத்தை வெளியிடாத ஃபர்ம்வேர்களையும் தன் நிறுவியிலேயே சேர்ப்பதென்று டெபியன் சமூகம் 2022-ல் வாக்கெடுத்துத் தீர்மானித்து, 2023-ல் வெளிவந்த 12-ஆம் பதிப்பிலிருந்து அமல்படுத்தியபின், அந்தச் சிரமம் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது.

அன்றிரவு சாப்பாடானபின் நாங்கள் மூவரும் திண்ணையில் அமர்ந்து மூன்று வழங்கல்களை ஓட்டிப் பார்த்தோம். ஆன்ட்டிஎக்ஸ், பழைய சைக்கிளில் காற்றடைத்தாற்போலப் பறந்தது. 2 ஜிபி ரேமில் கால்வாசியைக்கூடத் தொடாமல் நின்றது. ஆனால் அதன் பட்டியல்களும் சாளரங்களும் மருமகளின் மனத்துக்கு ஒட்டவில்லை. "இது நல்லாத்தான் இருக்கு மாமா, ஆனா நீங்க ஊருக்குப் போயிட்டா எனக்கு வழி தெரியாது" என்றாள். இதைவிடச் சரியான விமரிசனத்தை எந்த நிபுணரும் சொல்லமுடியாதென்று எனக்குத் தோன்றியது. எம்எக்ஸ், ஆன்ட்டிஎக்ஸ் குழுவினரும் பழைய மெபிஸ் சமூகத்தாரும் 2014-ல் சேர்ந்து தொடங்கியது; வேகத்துக்கும் வசதிக்கும் நடுவே நேர்த்தியான சமரசம். மூன்றாவதாக மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு வந்தபோது அவள் யாரும் சொல்லாமலே உலாவியைத் திறந்தாள், தன் பாடநூல் கோப்பைத் திறந்தாள், ஒலியைக் கூட்டினாள். ஆனால் உலாவியில் மூன்றாவது தளத்தைத் திறந்தவுடன் கணினி மூச்சுத் திணறி நின்றது.

இந்த இடத்தில் ஒரு வாஸ்தவத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். எந்த லினக்ஸ் வழங்கலும் இன்றைய இணையத்தை இலேசாக்கிவிடாது. ஒரு செய்தித்தளத்தின் ஒரு பக்கத்தைத் திறப்பதற்குச் செலவாகும் நினைவகத்தில் பத்து வருஷத்துக்கு முன் ஒரு முழு இயங்குதளமே ஓடியிருக்கும். அந்தச் சுமை இயங்குதளத்தினுடையதன்று. 2 ஜிபி பெட்டிக்காரர் ஒரு நேரத்தில் ஒரு தளம் என்ற விரதத்தை மேற்கொள்ள வேண்டும், அல்லது ரேமைக் கூட்ட வேண்டும். அதுபோலவே, ஏற்கெனவே விண்டோஸுக்கென்று எழுதப்பட்ட மென்பொருளில் தொழில் நடத்துகிறவர்கள் அவசரப்படலாகாது. டாலியில் கணக்கு வைத்திருக்கும் கடைக்காரரும், ஃபோட்டோஷாப்பில் ஆல்பம் செய்யும் ஸ்டூடியோக்காரரும், யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் பல வருஷத்து ஆவணங்களைச் சேர்த்துவைத்திருக்கும் தட்டச்சுக் கூடத்தாரும், அந்த வேலைக்கொரு கணினியை அப்படியே விட்டுவைத்துவிட்டு, மற்றொன்றில் லினக்ஸைப் பழகிக்கொள்வதே விவேகம். பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் கல்யாணப் படங்களையும் சான்றிதழ்ப் பிரதிகளையும் வெளியே எடுத்துப் பத்திரப்படுத்திக்கொள்ளாமல் நிறுவுகிற பொத்தானைத் தொடவே கூடாது என்பதை நான் எவருக்கும் இருமுறை சொல்வது வழக்கம்.

மறுநாள் மாப்பிள்ளை புதுச்சேரிக்குப் போய், இரண்டாங்கை ரேம் ஒன்றும் சிறியதோர் எஸ்எஸ்டியும் வாங்கிக்கொண்டுவந்தார். பெட்டிக்கு 4 ஜிபி ஆயிற்று. பழைய டிஸ்க்கிலிருந்த குடும்பப் படங்களை முதலில் பிரதியெடுத்தோம். பிறகு மின்ட் எக்ஸ்எஃப்சிஇயை நிறுவ அரைமணி நேரங்கூட ஆகவில்லை. உபுண்டுவையோ, ஃபெடோராவையோ, வேறொரு பிரபலமான பெயரையோ ஏன் எடுக்கவில்லை என்று கேட்கிறவர்களுக்கு என் பதில், இந்த வீட்டில் இந்தப் பெண்ணின் கைக்குப் படிந்தது இதுவாயிருந்தது என்பதே. பள்ளிக்கூடமொன்று பழைய கணினிகளை ஒரே சீராக்க வேண்டுமென்று கேட்டால், பாடக் கருவிகளோடு சி-டாக் தரும் எஜுபாஸைப் பார்க்கும்படி சொல்வேன். கற்றுக்கொள்ளும் ஆவலுள்ள இளைஞர் கேட்டால் மூலமான டெபியனையே கொடுப்பேன்.

வழங்கலின் பெயரைக் காட்டிலும் முக்கியமென்று நான் கருதுவது, சந்தேகம் வந்தால் கேட்பதற்கு அருகில் ஆள் இருக்கிறாரா என்பது. இந்த வட்டாரம் அவ்வகையில் பாக்கியம் செய்தது. விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கம் இருக்கிறது. சென்னையில் 1990-களின் கடைசியிலிருந்தே லினக்ஸ் பயனர் குழு கூடிவருகிறது. 2012-லிருந்து வெளிவரும் கணியம் என்ற மின்னிதழ் இவ்விஷயங்களையெல்லாம் தமிழிலேயே எழுதிக் குவித்திருக்கிறது. இவர்கள் யாரும் கட்டணம் கேட்பதில்லை; தமக்குத் தெரிந்ததைப் பிறருக்குச் சொல்வதில் ஒரு சந்தோஷம் அவர்களுக்கு. 2012-ல் அந்தப் பெட்டிகளோடு கூட இவர்களைப் போன்றவர் ஒருவரும் ஊருக்கு ஊர் போயிருந்தால், பாஸ் லினக்ஸை அழித்த வீடுகளில் ஒன்றிரண்டிலாவது அது தங்கியிருக்கும்.

நான் புறப்படுகிற நாள் காலையில், மழை விட்டு அளத்தில் பாத்தி மிதிக்கும் வேலை தொடங்கவிருந்தபடியால், மாப்பிள்ளை விடிவதற்கு முன்பே எழுந்திருந்தார். மடிக்கணினி கூடத்தில் திறந்திருந்தது. லிப்ரே ஆஃபீஸில் கட்டம் போட்ட தாளொன்றை மகள் அவருக்காக விரித்துவைத்து, தமிழ்99 விசைப்பலகையையும் தேர்ந்துவைத்திருந்தாள்.

"இதுல மூட்டைக் கணக்கு எழுதலாமா?" என்று கேட்டார்.

"எழுதுங்கப்பா. முதல்ல தலைப்பு போடுங்க."

ஆள்காட்டி விரலொன்றை மட்டும் நீட்டி, எழுத்தைத் தேடித் தேடி, உ என்று ஒரு விசையை அழுத்தினார். பிறகு ப. மறுபடியும் ப. இரண்டாவது ப விழுந்த கணத்தில் முதல் ப-வின் தலைமேல் புள்ளி தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் கையை எடுத்துவிட்டு மகளைப் பார்த்தார். "நான் புள்ளி வைக்கலையே" என்றார். அவள் சிரித்துக்கொண்டே கடைசி விசையைக் காட்டினாள். இன்னொரு முறை உ-வை அழுத்தினார். உப்பு என்று திரையில் நின்றது. அதன் கீழே அன்றைய தேதியைப் போட்டுவிட்டு, வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.